இடக்கைக் கத்தி

கத்திக்குப் பேர்போன சக்காய் ஊரிலிருந்து பெட்டி வந்தபோது மணி மூன்றரை. ஐந்து மணிக்கு எங்கள் சாப்பாட்டுக் கடை திறந்துவிடும். அதற்குள், எங்களிடம் சமையல் பழகும் சிகுசா ஒரு முள்ளங்கியைக் காகிதம் போல, ஒரு கை நீளத்துக்கு அறாமல் சுற்றிச் சீவிக் காட்ட வேண்டும். அறுந்தால் மறுபடி பாத்திரம் கழுவும் தொட்டிதான் என்று தலைமைச் சமையல்காரர் இவாகுரா கறாராகச் சொல்லியிருந்தார்.

இதுவரை ஆறு முறை அறுந்திருக்கிறது. அவள் இடக்கைக்காரி. எங்கள் காய்க்கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை, அதுவும் வலக்கைக்கு வாகாக. இடக்கையில் பிடித்தால் நேராக முள்ளங்கிக்குள் பாயும். அதனால்தான் இடக்கைக்கென்றே ஒன்று அடிக்கச் சொல்லிப் பதினோரு மாதம் காத்திருந்தாள்.

பெட்டியைத் திறந்தோம். அலகு அருமை, சாணை சரியாக இடப்பக்கம். ஆனால் விரல் பதியும் பிடியின் முகடு வலப்பக்கம் இருந்தது. பிடி பொருத்தியவரின் கை பழக்கத்தை விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போச்சுண்ணே," என்றாள்.

"என்ன போச்சு? கழட்டித் திருப்பிப் போட்டா ஆச்சு."

"புதுக் கத்திண்ணே."

"அதுக்கு வலிக்காது. துணியச் சுத்திப் புடி."

கட்டையால் தட்டிப் பிடியைக் கழற்றினேன். முகட்டை இடப்பக்கம் திருப்பிச் செருகி, அலகு கீழே தொங்கும்படி பிடித்து, பிடியின் மேல்முனையில் சுத்தியலால் தட்டினேன். பத்துத் தட்டில் அலகு தானாக ஏறி இறுகியது.

"இங்க என்ன தச்சு வேலையா நடக்குது?" இவாகுரா வந்து நின்றார்.

சிகுசா முள்ளங்கியை எடுத்தாள். வலக்கை சுழற்ற, இடக்கைக் கத்தி மேலும் கீழும் ஓடியது. ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. கை நீளம் தாண்டியும் நிறுத்தாமல், நடுத்தண்டு விரல் அளவாகும் வரை சீவினாள். எங்கும் அறுந்துபோகவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

இவாகுரா அந்தச் சீவலை முன்பதிவுத் தாள்மேல் விரித்து, அதன் வழியாகவே பெயர்களைப் படித்தார். "எட்டுப் பேர் வராங்க."

பிறகு அவளைப் பார்த்தார். "எடக்கைய வச்சுக்கிட்டு வெட்டுற வரிசை நடுவுல நின்னா, பக்கத்துல நிக்கிறவன் முழங்கைய இடிப்பியே."

அவள் முகம் செத்துப்போனது. அவர், தான் இருபது வருடமாக நின்ற இடது ஓரத்துக்குப் போனார். தன் வெட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு, அந்த ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, நடுவில் என் பக்கம் வந்தார்.

"தள்ளி நில்லுடா," என்றார் என்னிடம்.