மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளியில் 'வெண்கலம்' என்று பேர். அவர் வாய்ப்பாடு சொன்னால் வாசல் காவல்காரருக்கும் விடை தெரிந்துவிடும். அந்த வெண்கலம்தான் ஒரு நாள் மத்தியானம் வெறும் காற்றாகிப் போனது.

"தொண்டைக்குள்ள ரெண்டு மடிப்பு இருக்கு," என்றார் டாக்டர். "நீங்க கத்தும்போதெல்லாம் ஒண்ணை ஒண்ணு அறையுது. அதான் காய்ப்பு காய்ச்சிருக்கு. கத்துறதை விட்டா கரைஞ்சிடும். இல்லன்னா ஆபரேஷன். அப்புறம் இதே குரல் வரும்னு உறுதி சொல்ல மாட்டேன்."

"கிசுகிசுன்னு பேசட்டுமா?"

"ஐயையோ, அதுவும் தொண்டையை இறுக்கும்!"

வைத்தியம் விளையாட்டு போலிருந்தது. தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று முனக வேண்டும். குழல் குறுகலானதால், வெளியேற முட்டும் காற்றில் கொஞ்சம் திரும்பி வந்து மடிப்புகளைத் தாங்கிக்கொள்ளும். அவை அறையாமல் தொட்டுக்கொள்ளும். குமிழி சீராக வந்தால் மூச்சும் சீர். வாத்தியார் சொக்கிப்போய் மனைவிக்கு இதை விளக்கினார்.

"கல்யாணமான நாள்லேருந்து மெதுவா பேசுங்கன்னு நான் சொன்னா மண்டையில ஏறல. ஒரு ஸ்ட்ரா சொன்னா ஏறுதாக்கும்!"

வகுப்பில் கத்துவதற்குப் பதில் கைதட்டினார். கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். குரல் இறங்க இறங்க, காதைத் தீட்டிக்கொண்டு வகுப்பே அடங்கியது. காய்ப்பும் பாதி கரைந்தது.

அப்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் பக்கத்து வகுப்பு டீச்சரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இவங்க வகுப்புல கணக்கு மார்க் படுத்துடுச்சு. காரணம் நீங்கதானாம்."

"நானா? அது அவங்க வகுப்பு மேடம்!"

"நடுவுல வெறும் மரத்தடுப்புதானே சார்," என்றார் டீச்சர். "இத்தனை வருஷமா நீங்க சொல்வீங்க, நான் அதைக் கேட்டு போர்டுல எழுதிப் போடுவேன். சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டா என் பிள்ளைங்க கதி?"

"பழையபடி கொஞ்சம் சத்தமா நடத்துங்களேன் சார்," என்றார் தலைமையாசிரியை.

அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. மடிப்புகள் அறைந்துகொள்ளத் தயாராவதை வாத்தியார் உணர்ந்தார். சட்டென்று பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்து, மேசைமேல் இருந்த டம்ளரில் விட்டார். குமிழிகள் முதலில் கொந்தளித்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக வந்தன.

"சார்... அது நான் குடிக்க வெச்ச தண்ணி," என்றார் தலைமையாசிரியை.

வாத்தியார் பையிலிருந்து புது ஸ்ட்ரா ஒன்றை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"வெச்சுக்குங்க டீச்சர். நாளையிலேருந்து பாடம் நடத்தப் போறது நீங்கதானே?" என்றார், மெதுவாக.