தெற்கே மீன் குவிந்து கிடக்கிறது

அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். அதனால் எல்லாருக்கும் அவள் சைரன். வீட்டுச் சுவருக்கான சிமெண்டுக் கல் வார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவன். போய்க்கொண்டிருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். அயல்நாட்டுக் கப்பல் ஒன்று எல்லை தாண்டி வந்து கடலின் அடியையே வழித்துத் துடைத்துக்கொண்டு போனது. போகிற போக்கில் அவன் வலையையும் கிழித்தெறிந்தது. அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

கடற்காவல் அலுவலகத்தில் போய்க் கேட்டால், ரோந்துப் படகு இருக்கிறது, டீசல் இல்லை என்று கையை விரித்தார்கள். இதைச் சொல்வதற்கு ஒரு அதிகாரி, அவர் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி!

"டீசல் இல்லன்னா போகட்டும். எங்கிட்ட சிமெண்ட் இருக்கு," என்றாள் சைரன்.

இடுப்பளவு உயரத்தில் கல் வார்த்தாள். நாலு பக்கமும் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கப்பலின் வலை அதில் மாட்டினால் கிழியுமே தவிர மேலே வராது. கல் வெடிக்காமல் இருக்க அவள் அம்மா வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். தெரு ஆட்கள் படகில் ஏற்றிப்போய்க் கடலில் தள்ளினார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று பேச்சு.

இதில் ஒரு சங்கடம். தாங்கள் வலை போடுகிற வடக்கே தள்ளினால் தங்கள் வலையே போய்விடும். அதனால் தெற்கே, யாரும் போகாத பக்கமாகப் பார்த்துத் தள்ளினார்கள். கப்பல்காரனுக்கு அங்கே போக என்ன தலையெழுத்தா? அவன் பழையபடி வடக்கேயே வந்து வழித்தான். தெருவே வாய்க்குள் சிரித்தது. சைரனுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி வந்தான். ஊதினால் பறந்துவிடுவான், தொத்தல் என்று கூப்பிடுவார்கள். கரையில் பிழைப்பில்லாமல் அவன் போய்ச் சேர்ந்திருந்தது அதே கப்பலில். காய்கறி வாங்க வந்த படகில் ஏறி வந்திருந்தான். அந்தத் துறைமுகத்தில் யார் வந்தாலும் கேட்பாரில்லை. கையில் டப்பா மீன் வேறு கொண்டுவந்திருந்தான். மீன்காரன் வீட்டுக்கு டப்பா மீன்!

சைரன் முதல் வேலையாக அம்மாவை எண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பினாள். எண்ணெய் வீட்டில் நிறையவே இருந்தது.

"மாமா வலையைக் கிழிச்ச கப்பல்ல வேலை பாக்கறியே, வெக்கமா இல்ல?"

"கரையில யாருக்கா எனக்கு வேலை தந்தாங்க? நீ தந்தியா?"

"உன்னால ஒரு கல்லைத் தூக்க முடியுமாடா? சரி, அங்க என்ன வேலை?"

"சமையல்கட்டுல வெங்காயம் உரிக்கறேன். மேல் தளத்துக்கு விட மாட்டாங்க. காத்து அடிச்சிட்டுப் போயிடும்னு பயம்." அவன் சிரித்தான்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த சைரன் கரண்டியைக் கீழே வைத்தாள். வலை மாட்டி, அதை இழுக்கும் வடம் அறுந்தால் அடிபடுவது மேலே நிற்கிறவன். இவன் கப்பலின் வயிற்றுக்குள் பத்திரமாக இருப்பான். சைரன் வாழ்க்கையிலேயே முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெற்குப் பக்கம் மீன் குவிஞ்சு கெடக்குடா. நம்ம ஆளுங்க அங்க போறதில்ல. உங்க கேப்டன்கிட்ட சொல்லு. அவனுக்கும் மீனு, நமக்கும் வலை மிஞ்சும்."

தொத்தலின் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவாக்கா? சொல்றேன். இனிமே மாமா வலைக்கு ஒண்ணும் ஆகாது பாரு."

உள்ளே புருஷன் சுவரை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கோழை.

"டேய், சமையல்கட்டை விட்டு வெளிய வராதே, என்ன?" என்று வாசலில் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் எங்கக்கா போகப்போறேன்?"

அம்மா எண்ணெயோடு வந்து, "போயிட்டானா? கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடாதா?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

அந்த வாரமே கப்பல் மாட்டியது. கிழிந்த வலை கப்பலைத் தள்ளும் அடி விசிறியில் சுற்றிக்கொள்ள, நகர முடியாமல் நின்றதைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அப்போது மட்டும் ரோந்துப் படகுக்கு டீசல் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. கேப்டனுக்கு நாற்காலி போட்டுக் குளிர்பானம் கொடுத்தார்கள். தெருப் பெண்கள் சைரனை மீன் தள்ளுவண்டியில் ஏற்றி நிறுத்திக் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். கண் மட்டும் கூட்டத்தில் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

கப்பல் சமையல்காரர் ஒரு துணிப்பையோடு வந்து அம்மாவின் முன்னால் நின்றார். தொத்தலின் பை அது.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. 'இடம் சொன்னவன் நீதானே, மேல வா'ன்னு கேப்டன் கூப்பிட்டான். வெங்காயம் உரிச்சிட்டிருந்த புள்ளையைக் கொண்டுபோய் வடத்துக்குப் பக்கத்துல நிறுத்திட்டான். புள்ளைக்கும் ஒரே பெருமை. வலை மாட்டிடுச்சு, விட்டுடலாம்னு கத்தினோம். அந்தப் பாவி மீன் பாரம்னு நெனச்சு, இழு இழுன்னான். வடம் அறுந்து வந்து..." தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் பையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "'எங்க அக்கா சொன்ன இடம், பொய்க்காது'ன்னு சொல்லிட்டே இருந்தான்."

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சைரன் வண்டியில் நின்றபடியே குனிந்தாள். "அம்மா, அவன் சமையல்கட்டுலதான் இருப்பேன்னு சொன்னாம்மா. சத்தியமா சொன்னான். அதனாலதான் நான்..."

"அப்ப கேட்டுத் தெரிஞ்சுகிட்டுத்தான் அனுப்பியிருக்கே."

சைரன் அழுதுகொண்டே வண்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பிடித்துக்கொள்ள ஒரு தோள் இல்லை.

"இறங்காதே," என்றாள் அம்மா. "அங்கயே நில்லுடி. தம்பியைத் தின்னவ மூஞ்சியை எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."