நாற்பத்து மூன்று பெயர்கள்

எழுத்தாளரின் முதல் புத்தகத்தில் வரும் மருத்துவச்சி, இறந்து எண்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அச்சகத்துக்கு வந்து, பதினேழாம் பக்கத்தில் பிழை இருப்பதாகச் சொன்னார். தனக்கு இடது கைப் பழக்கம், வலது கை என்று போட்டிருக்கிறது என்றார். முதலாளி நாற்காலி போட்டார், அச்சுக் கோப்பவர் திருத்தினார், மருத்துவச்சி மீதிப் பக்கங்களையும் படித்துவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினார்.

எழுத்தாளர் அப்போது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பழைய பதிவேடுகளில் பெண்கள் எல்லாம் வெறும் 'இன்னார் மனைவி'யாகக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுத ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷத்தில் பதினொரு புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் உரியவர் அச்சேறும் முன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். படகோட்டிய பெண் பத்தே நிமிஷத்தில் தலையாட்டிவிட்டார். முதல் பெண்கள் பள்ளியின் ஆசிரியை மட்டும் காற்புள்ளிகளுக்காக இரண்டு நாள் மல்லுக்கு நின்றார்.

பன்னிரண்டாவது புத்தகம் ஊர் வாய்க்காலைப் பற்றியது. அதை வெட்டியவர் நகராட்சித் தலைவரின் கொள்ளுத்தாத்தா என்று பாலத்துக் கல்வெட்டு சொன்னது. வெட்டியது ஒரு விதவையும் அவர் திரட்டிய பெண்களும் என்று பழைய கடிதக் கட்டு ஒன்று சொன்னது. விஷயம் தலைவர் காதுக்குப் போனது. புத்தகம் வந்தால் அச்சகத்தைப் பூட்டுவேன் என்று ஆள் அனுப்பினார். முதலாளி கையைப் பிசைந்தார். விதவையோ, கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குப் போய்ப் பத்தொன்பது நாளாகியும் வரவில்லை. எழுத்தாளர் கடிதக் கட்டை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். தையல்காரரான கணவரிடம், "நான் தப்பா எழுதிட்டேனோ?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "தப்பா இருந்தா மொத நாளே வந்து சண்டை போட்டிருப்பாங்களே" என்றார்.

இருபதாம் நாள் விதவை வந்தார், முழங்கால்வரை சேற்றோடு, பின்னால் நாற்பத்திரண்டு பெண்களோடு. எல்லோரையும் தேடிப் பிடிக்க நேரமாகிவிட்டதாம். "என் பேரை மட்டும் போட்டா எப்படிம்மா? இவங்களையும் எழுதிக்க" என்றார். எழுத்தாளர் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருந்தபோது தலைவர் பூட்டோடு வந்து இறங்கினார். கூட்டத்திலிருந்த குள்ளமான ஒரு பெண் அவர் காதை உற்றுப் பார்த்து, இது நம்ம வீட்டுக் காது என்றார். அவர் தலைவரின் கொள்ளுப்பாட்டி.

"உன் கொள்ளுத்தாத்தா கரையில குடை பிடிச்சிட்டு நின்னாருப்பா. அதையும் எழுதச் சொல்லியிருக்கேன், கவலைப்படாத."

தலைவர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். கொள்ளுப்பாட்டியின் பெயர் அவருக்கு அதுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுத்தாளரின் பேனாவை வாங்கித் தன் கையாலேயே பட்டியலில் எழுதினார். குடையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். எழுத்தாளர் சம்மதித்தார்.

புத்தகம் வந்தது, பாலத்தில் புதுக் கல்வெட்டும் வந்தது. இப்போது இன்னும் எழுதப்படாத பெண்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி வாசலில் நீள பெஞ்சு போட்டு வரிசைச் சீட்டு கொடுக்கிறார். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை.