இரண்டு தீர்ப்புக்கும் பேசியவர்

"ஒப்பந்தப்படி இன்னும் ஒரு வருஷம் நீங்க எங்க ஆளு சார்" என்றார் சட்டப் பிரிவு அதிகாரி.

"கோர்ட்ல பாத்துக்கலாம் மேடம். நாளைக்கு என் சொந்தச் சேனல்ல கத்தரி பேசுவான்."

"கத்தரிங்கற பேரும் எங்களோடதுதான். வீட்ல வச்ச பேர் ஒண்ணு இருக்குமே, அதை வேணா எடுத்துட்டுப் போங்க."

அரசியல்வாதிகளின் பேச்சை நறுக்கி எடுப்பதால் நேயர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. இந்த டிவி கம்பெனிக்காகப் பல வருடம் பேசினார். போன வாரம்தான் முறித்துக்கொண்டு வெளியேறினார். நாளை அவர் சேனல் தொடக்கம். பாலம் இடிந்த வழக்கில் அமைச்சருக்குத் தீர்ப்பும் நாளைதான்.

அதிகாரி சிரித்தபடி லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். திரையில் கத்தரியே உட்கார்ந்திருந்தார்.

"அமைச்சர் நிரபராதி! அந்த இன்ஜினியரின் சாட்சியத்தை நம்பியவர்கள் இப்போது எங்கே? அவர் நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பெற்ற மகளின் பெயரையே மறந்துவிட்டுத் தவிப்பவர். அவருக்கா பாலத்துக் கம்பிக் கணக்கு ஞாபகம் இருக்கும்?"

கத்தரி லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

பெரிய வழக்கு என்றால் தீர்ப்புக்கு முன்பே இரண்டு பேச்சையும் பதிவு செய்துவிடுவார்கள். தண்டனை என்றால் ஒன்று, விடுதலை என்றால் மற்றொன்று. தீர்ப்பு வந்த நொடியில் ஒன்று ஒளிபரப்பாகும், மற்றது அழிக்கப்படும். போன மாதம் முதல் பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்தார். இரண்டாவதற்கு எடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். "சூடு பத்தலையே சார்." எப்படியும் அழிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் கத்தரி சூடு ஏற்றினார்.

அந்த இன்ஜினியர் கத்தரியின் மனைவிக்கு அண்ணன். மாத்திரை விஷயத்தை மனைவி சமையலறையில் அழுதுகொண்டே அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இதை அழிச்சிருக்கணுமே?"

"தீர்ப்பு வந்தாத்தானே அழிப்போம்? போன மாசம் வர வேண்டியது நாளைக்குத் தள்ளிப்போச்சே." குரல் தேனாக இருந்தது. "இங்கயே இருப்பேன்னு கையெழுத்துப் போடுங்க, இப்பவே அழிச்சிடலாம். இல்லைன்னா சாயங்கால விவாதத்துல போடுவோம்."

"மிரட்டறீங்களா?"

"ஐயோ, ஞாபகப்படுத்தறேன் சார்."

கத்தரி எழுந்து நடைபாதைக்கு வந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஸ்டூடியோவில் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தார்.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"என்ன மாப்ளே, தெரியாத மாதிரி கேக்கற? உங்க ஆபீஸ் வண்டியிலதான் வந்துட்டிருக்கேன். போறதுக்கு முன்னாடி கடைசியா நீ ஒரு பேட்டி எடுக்கறேன்னு கூப்பிட்டாங்களே. தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன், டிவி முன்னாடியே உக்காந்திருக்கா."

திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் நாளை ஒன்று கேட்பார்கள், அடுத்த மாதம் இன்னொன்று. ஆயுசுக்கும் அவர்கள் சொன்னதைத்தான் பேச வேண்டும்.

"மச்சான், வண்டியை விட்டு இறங்கிடுங்க." மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.



"மாத்திரை விஷயத்தையுமா?"

"ஆமா மச்சான்."

"பாப்பா பேரு மறந்துபோச்சே, அதையும்?"

"அதையும்தான்" என்றார் கத்தரி.

"நிறுத்த வேண்டாம் தம்பி, நேரா போங்க." அது டிரைவருக்கு. பிறகு நிதானமாக, "நீ அங்கதான இருக்க? ஓடிடாத மாப்ளே. அதை என் முன்னாடி உக்காந்து சொல்லு, கேக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்பினார். அதிகாரி கதவருகே கைகட்டி நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ.

"கையெழுத்தை விடுங்க சார்" என்றார். "ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து நேரலையில பேசுங்க, எங்களுக்கு அதுவே போதும்."

கண்ணாடிக்கு அப்பால் யாரோ இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கீழே வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.