அமரர் ஊர்திக்கு ஆணி டயர்

ராங்வால்ட் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது, சோல்ஃப்ரிட்டுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல. டயர்.

வருத்தம் அடுத்துத்தான் வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டு முடிப்பதற்குள் மறுபடியும் டயர் வந்து நின்றது.

நார்வேயின் லாங்விக் என்ற சின்ன ஊரில் இறுதிச்சடங்கு நிலையம் ஒன்றே ஒன்று. அதை நடத்துபவள் சோல்ஃப்ரிட். டயர் கடையும் ஒன்றே ஒன்று. அதை நடத்தியவர் ராங்வால்ட். ஊரில் எல்லோரும் வருஷத்துக்கு இரண்டு தடவை அவரிடம் போவார்கள், டயர் மாற்ற. இவளிடம் ஒரே ஒரு தடவை. அதனால் ராங்வால்டுக்கு இவளைவிடத் தான் பெரிய ஆள் என்று ஒரு எண்ணம் இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

விவகாரம் அக்டோபரில் ஆரம்பித்தது.

சோல்ஃப்ரிட் புதிய அமரர் ஊர்தி வாங்கியிருந்தாள். நீளமான கறுப்பு வண்டி. பழைய வண்டியில் ஹீட்டரே சரியாக வேலை செய்யாது. இதில் டிராக்‌ஷன் கன்ட்ரோல்கூட இருந்தது. முதல் பனி விழுந்ததும் வழக்கம்போல ராங்வால்டின் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஆணி டயர்தானே?" என்றார் ராங்வால்ட், பதிலுக்குக் காத்திராமல், பனிக்கட்டியைக் கடிக்கக் குட்டி உலோக ஆணிகள் பதித்த டயர்கள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பியபடி.

"இல்ல. ஆணியில்லாதது."

ராங்வால்ட் கையிலிருந்த காபி பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். கடையில் டயருக்காகக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். லாங்விக்கில் ஒருவர் மதம் மாறினால்கூட அவ்வளவு அமைதி வந்திருக்காது.

"தாயே, இன்னொரு தடவை சொல்லு."

"இந்த வண்டியில டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கு. சக்கரம் வழுக்கினா அதுவே கண்டுபிடிச்சு எஞ்சினை அடக்கிடும். முன்னாடி மஞ்சள் விளக்கு எரியும்."

"விளக்கு எரிஞ்சா?"

"வழுக்குதுன்னு அர்த்தம்."

"அது எனக்கு விளக்கு இல்லாமலே தெரியுமே. அடிவயித்துல தெரியும்."

கடை சிரித்தது. சோல்ஃப்ரிட் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது அவள் தொழிலில் பாதி.

"சிரிக்காதீங்க. சர்ச்சுலேருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் மேட்டுல ஏறணும். சொந்தக்காரங்க பின்னாடி நடந்து வர்றாங்க. ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல. அந்த அமைதியில என் வண்டி மட்டும் பன்றிக்கறி பொரிக்கிற மாதிரி சடசடன்னு போகணுமா? போன வருஷம் மேயரோட மாமியாரைக் கொண்டுபோனப்போ அந்த அம்மா பேரன் சிரிச்சுட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"ஆணி தார் ரோட்டுலதான் கத்தும். பனிக்கட்டியில ஏறினா வாயத் திறக்காது. கடிக்கிற வேலை இருக்கிறப்போ பேச ஏது நேரம்?"

"கன்ட்ரோல் பாத்துக்கும்."

"என்னத்தைப் பாத்துக்கும்? இருக்கிற பிடியைப் பங்கு போட்டுக் குடுக்கும், சரி. இல்லாத பிடியை எங்கேருந்து கொண்டுவரும்? தரையைத் தொடுறது டயரு. கம்ப்யூட்டர் உள்ளே சூடா உக்காந்திருக்கு." அவர் கீழே குனிந்து அவள் காலைப் பார்த்தார். "அது சரி, இது என்ன?"

சோல்ஃப்ரிட்டின் பூட்ஸுக்கு அடியில், ஊரில் எல்லோரையும்போல, ஆணிப்பட்டை மாட்டியிருந்தது. ரப்பர் பட்டை, அதில் குட்டிக் குட்டி ஆணிகள். குளிர்காலத்தில் அது இல்லாமல் லாங்விக்கில் யாரும் தபால் பெட்டி வரைக்கும்கூடப் போவதில்லை.

"உன் காலுக்கு ஆணி. வண்டிக்கு மட்டும் ஆகாதா?"

"என் காலுல டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்ல."

இந்தத் தடவை கடை அவள் பக்கம் சிரித்தது. ராங்வால்டுக்கு முகம் சிவந்தது. வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் செத்தா, ஆணி இல்லாத வண்டியில என்னை ஏத்தக் கூடாது. அதுக்கு நான் நடந்தே போயிடுவேன்."

"நீ செத்தப்புறம் உன்கிட்ட யாரு கேக்கப்போறா?"

"என் பொண்ணு கேப்பா."

தூக்கி நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியிலிருந்து போர்கில்டின் குரல் வந்தது. "கேப்பேன்."

அதற்குப் பிறகு அவர் ஆணியில்லாத டயர் நான்கையும் மாட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை சரிபார்த்தார். வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. ஆனால் காபி கொடுக்கவில்லை.

ஜனவரியில் ராங்வால்ட் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கீ பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. நார்வே ஜெயித்துக்கொண்டிருந்த கட்டம். ஆகவே கோபத்தில் போனார் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் போர்கில்ட் இறுதிச்சடங்கு நிலையத்துக்கு வந்தாள். பெட்டி எது, பூ எது, பாட்டு எது என்று எல்லாவற்றையும் கண் கலங்காமல் முடிவு செய்தாள். கடைசியில் கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வண்டியில என்ன டயர் அக்கா?"

"உங்கப்பா மாட்டினதுதான்."

"அப்போ டவுன்லேருந்து வண்டி வரவழைக்கிறேன். அவங்க ஆணி டயர் போட்டிருக்காங்க. விசாரிச்சுட்டேன்."

சோல்ஃப்ரிட் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். லாங்விக்கில் செத்தவர்கள் அத்தனை பேரையும் இதுவரை அவளும், அவளுக்கு முன்னால் அவள் அப்பாவும்தான் மேலே கொண்டுபோனார்கள். ராங்வால்டே டவுன் வண்டியில் போனால் அப்புறம் ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் டவுனுக்குத்தான் போன் பண்ணுவார்கள். அவள் ஈஸ்டருக்குள் தன் நிலையத்தை மூட வேண்டியதுதான்.

"நாளைக்கு மேட்டுல ஏறிக் காட்டுறேன்" என்றாள். "நீயே வந்து பாரு."

"ஏறலைன்னா?"

"ஆணி மாட்டிக்கிறேன். டவுன் வண்டி வேண்டாம்."

போர்கில்ட் யோசித்தாள். "சரி. அப்பாவும் இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரு. பாக்க வந்திருப்பாரு."

மறுநாள் மதியம். மதியம் என்றாலும் அந்த மாதத்தில் சூரியன் மலைக்கு மேலே எட்டிப் பார்ப்பதில்லை. எங்கும் நீல வெளிச்சம். மேடு முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. மேலே கல்லறைத் தோட்டத்துக் காவலர் ஸ்டைனார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு இது வேலை நேரம். ஆனால் இதைவிட முக்கியமான வேலை அன்று அவருக்கு இல்லை.

சோல்ஃப்ரிட் வண்டியைக் கிளப்பினாள். முதல் பாதி பூனை நடப்பதுபோல ஏறியது. சத்தமே இல்லை. கண்ணாடியில், கீழே நின்ற போர்கில்டைப் பார்த்து அவள் தலையசைக்கப்போன நேரம், மஞ்சள் விளக்கு எரிந்தது.

எஞ்சின் அடங்கியது. சக்கரம் நின்றது. அவள் மிதித்தாள். விளக்கு மறுபடி சிமிட்டியது. எஞ்சின் மறுபடி அடங்கியது. அவள் கேட்கக் கேட்க, வண்டி மரியாதையாக மாட்டேன் என்றது.

"அந்த பட்டனை அமுக்கி அணைச்சுட்டு மிதிம்மா!" என்று மேலிருந்து கத்தினார் ஸ்டைனார்.

அணைத்துவிட்டு மிதித்தாள். சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றிப் பனிக்கட்டிக்குப் பாலிஷ் போட்டன. பிறகு வண்டி, எந்த அவசரமும் இல்லாமல், பின்னோக்கிக் கிளம்பியது. அவள் பிரேக்கில் ஏறி நின்றாள். சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. சர்ச் வாசலைக் கடந்து, பாதிரியார் ஜன்னலைக் கடந்து, போர்கில்டை நிதானமாகக் கடந்து, கீழே குவித்துவைத்திருந்த பனிமேட்டில் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டு நின்றது.

போர்கில்ட் கதவருகே வந்தாள். கதவைத் தட்டினாள். சோல்ஃப்ரிட் கண்ணாடியை இறக்கினாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"உள்ளே அப்பா இருந்திருந்தா..."

"தெரியும்."

"பேசாம இருந்திருக்க மாட்டாரு."

"தெரியும்னு சொன்னேனே."

அன்று சாயங்காலமே துக்கத்துக்காக மூடியிருந்த டயர் கடை திறந்தது. போர்கில்ட் கறுப்புத் துணிக்கு மேல் வேலை உடுப்பு போட்டுக்கொண்டு, தன் அப்பாவின் கடைசிப் பயணத்துக்கு நான்கு ஆணி டயர்களையும் தானே மாட்டினாள். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். கழற்றியதை அலமாரியில் ஏற்றினாள். கடைசியில் காபி கொடுத்தாள். ஒரு வாஃபிளும், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியும். சோல்ஃப்ரிட் பாதியை மட்டும் தின்றாள். தோற்றவளுக்குக் கிடைக்கும் வாஃபிள் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, சடங்கு நாள் விடிவதற்குள் காற்று திசை மாறியது.

கடல் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று. அதோடு மழை. சோல்ஃப்ரிட் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்துகொண்டிருந்தது. தெருவில் பனி இல்லை. கறுத்த, ஈரமான, சுத்தமான தார் ரோடு. அவளுடைய சத்தமில்லாத டயர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறியிருக்கக்கூடிய ரோடு.

டயர்கள் கடையில். கடைச் சாவி போர்கில்டிடம். போர்கில்ட் சர்ச்சில், முதல் வரிசையில்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். ராங்வால்டைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் இன்னும் சில மணி நேரத்தில் அவரைத் தன் கையால் வண்டியில் ஏற்ற வேண்டும். திட்டாமல் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

சர்ச்சில் பாட்டு முடிந்தது. ஆறு பேர் பெட்டியைச் சுமந்துவந்து வண்டியில் வைத்தார்கள். மணி அடித்தது. ஊரே வாசலில் திரண்டிருந்தது. எல்லோரும் உள்ளே போகும்போது கழற்றிவைத்திருந்த ஆணிப்பட்டைகளைக் குனிந்து பூட்ஸில் மாட்டிக்கொண்டார்கள். ரோட்டில் பனி இல்லாவிட்டாலும் மாட்டினார்கள். ஜனவரியில் கால் அப்படித்தான் பழகியிருந்தது.

சோல்ஃப்ரிட் வண்டியை நகர்த்தினாள்.

சடசடசடசட.

அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேர்க்கடலை உடைப்பதுபோல. மெதுவாகப் போகப் போக ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாகக் கேட்டது. அவள் காது மடல் சூடேறியது. யாராவது சிரிக்கிறார்களா என்று ஜன்னலை இறக்கிக் காதுகொடுத்தாள், கண்ணாடியிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். சத்தம் வண்டியிலிருந்து மட்டும் வரவில்லை. பின்னால் நடந்துவரும் ஊரின் கால்களிலிருந்தும் வந்தது. அத்தனை பூட்ஸ்களுக்கு அடியிலும் ஆணி. தார் ரோட்டில் சரக், சரக், சரக். பாதிரியார் பூட்ஸும் சரக். இத்தனை வருஷமாகப் பின்னால் இந்தச் சத்தம் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டியவளுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

கடைசி வளைவு வந்தது.

அங்கே ரோட்டை ஒட்டிப் பாறை. கோடையில்கூட வெயில் படாத இடம். பாறையிலிருந்து வழிந்த நீர் ரோட்டின் குறுக்கே தடிமனாக உறைந்திருந்தது. மேலே மழைத்தண்ணீர். நனைந்த பனிக்கட்டி. அதைவிட மோசமான தரையை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. கீழே சரிவு. சரிவில் வண்டிக்குப் பின்னால் போர்கில்ட், ஊர், பாதிரியார்.

முந்தாநாள் பின்னோக்கிப் போனது சோல்ஃப்ரிட்டின் அடிவயிற்றில் இன்னும் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை லேசாக அமுக்கினாள்.

முன்சக்கரம் பனிக்கட்டியில் ஏறியது. பின்சக்கரம் ஏறியது.

சத்தம் நின்றுவிட்டது.

மொத்தமாக நின்றுவிட்டது. ஆணிகள் ஒவ்வொன்றும் பனிக்கட்டிக்குள் இறங்கிக் கடித்தன, ஒன்றும் பேசவில்லை. பின்னாலேயே பனிக்கட்டியை மிதித்த பூட்ஸ்களும் அடங்கின. மழையும் தூரத்து மணியும் மட்டும். அக்டோபரில் அவள் கேட்ட அமைதி அதுதான். கேட்டபடியே கிடைத்தது.

வளைவின் நடுவில் வண்டியின் பின்பக்கம் ஒரு கை அளவு நழுவியது. மஞ்சள் விளக்கு சட்டென்று எரிந்தது. எஞ்சின் ஒரு நொடி அடங்கியது. அந்த நொடியில் ஆணிகள் மறுபடி பிடித்தன. விளக்கு அணைந்தது. வண்டி வளைவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஸ்டைனார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓட்டுநர் ஜன்னலருகே குனிந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"டயர் நல்ல டயர்" என்றாள் சோல்ஃப்ரிட்.

போர்கில்ட் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கன்னம் நனைந்திருந்தது; மழையாக இருக்கலாம். "அப்பா வேலைக்குக் கிளம்புறப்போ கேக்கிற சத்தம் மாதிரியே இருந்துச்சு அக்கா" என்றாள். "வீட்டு வாசல்லேருந்து கடை வரைக்கும் கேக்கும். வர்ற வாரம் கடைக்கு வாங்க. அந்தக் கழட்டின டயரைத் தூக்கிட்டுப் போங்க. அலமாரியில இடத்தை அடைக்குது."

"சரி."

"டவுன்காரங்க போன் பண்ணினாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சோல்ஃப்ரிட் தலையசைத்தாள். சுமப்பவர்கள் கையுறையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் வண்டியின் பின்கதவைத் திறக்கப் போனாள். திறந்து, பெட்டிப் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"விளக்கு ஒரு தடவை எரிஞ்சுது ராங்வால்ட். நானே பாத்தேன். கன்ட்ரோலும் அதோட பங்கைச் செஞ்சுது."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பதில் இல்லை.

அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.