தக்காளிப் பாட்டும் ஏழாம் வாய்ப்பாடும்

“எனக்குக் கொஞ்சம் சத்தமான தொண்டைங்க. இப்பவே சொல்லிப்புடறேன். பின்னாடி குறை சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேங்க. திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சு போனா சுலபமாக் கண்டுபுடிச்சிரலாமே.”

பெண் பார்க்க வந்த அன்று மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று சவுரியப்பனும் பாக்கியமேரியும் பேசிக்கொண்டது இது. ரகசியமாகப் பேசட்டும் என்றுதான் தனியே அனுப்பினார்கள். மாப்பிள்ளை சொன்னது உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பசு மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சம்மதமும் வந்துவிட்டது.

அது நடந்து பதினோரு வருஷம். இப்போது பாலக்கோட்டுக்கு அப்பால் ஓர் ஈராசிரியர் பள்ளியில் அவர் தலைமையாசிரியர், அவள் உதவி ஆசிரியை. பள்ளிக்குள் அவர் ‘சார்’, அவள் ‘டீச்சர்’. மூன்றாம் வகுப்பு வரை அவருக்கு. நான்கும் ஐந்தும் அவளுக்கு. இருப்பது ஒரே கூடம். நடுவில் சுவர் கிடையாது, ஒரு கரும்பலகைதான். சவுரியப்பன் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கும் பெண்களுக்கே பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். பாக்கியமேரி நடத்துகிற பாடம் மட்டும் முன்வரிசையைத் தாண்டியதில்லை.

ஒரு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் அவ்வளவு பெரிய குரலுக்குள் தொட்டாற்சிணுங்கி மனசு. ஒருமுறை கோயிலில் பங்குச் சாமியார், “கொஞ்சம் இறக்கிப் பாடு சவுரி” என்று சொல்லிவிட்டார். அதற்கு மூன்று ஞாயிறு வாயைத் திறக்காமல் பூசை கண்டார் மனுஷன். வீட்டிலும் மூன்று வாரம் கைச்சாடைதான். குழம்புக்கு உப்பு வேண்டுமென்றால் நாக்கை நீட்டிக் காட்டுவார். அந்த மௌனத்தில் பாக்கியமேரி இளைத்தே போனாள். அதிலிருந்து அவள் கேட்க நினைத்தது தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

அப்போதுதான் பள்ளிக்கு டேப் ரிக்கார்டர் வந்தது. தர்மபுரியில் மூன்று நாள் பயிற்சிக்குப் பாக்கியமேரி போனாள். நடத்திய அதிகாரி சென்னப்பன் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். கருவியை வகுப்பில் எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று இலக்கு எழுத வேண்டும்.

“பிள்ளைங்க முன்னேறுவாங்கன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்கம்மா. யாரு, என்ன செய்வாங்க, எத்தன நாளுக்குள்ள? அத எழுதுங்க. ஆறு வாரத்துல நானே வந்து பாப்பேன். தேறலேன்னா கருவி வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிரும்.”

பேருந்தில் வரும்போதே அவள் எழுதினாள். இலக்கு ஒன்று: நான்காம் வகுப்பு மாணவர், ஆசிரியர் துணையின்றி, ஒரு பாட்டை டேப்பில் கேட்டே கற்பர். இலக்கு இரண்டு: டேப்பில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பிப்பர். இந்தப் பள்ளிக்கு வந்த பத்து வருஷத்தில் முதல் முறையாகத் தன் குரல் கடைசி வரிசைக்குப் போகப் போகிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

பாட்டையும் அவளே கட்டினாள். பதிவு செய்வதுதான் பாடாகிவிட்டது. கூடத்தில் பாடினால் நடுவில் ஏழாம் வாய்ப்பாடு விழுந்தது. புளியமரத்தடிக்குப் போனாள். டீச்சர் தூரமாகப் போய்விட்டாரே, அவருக்கும் கேட்கட்டும் என்று சவுரியப்பன் இன்னும் ஒரு கட்டை ஏற்றினார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், கருவி பள்ளியைவிட்டு வெளியே போகக் கூடாது. மணி அடித்த பிறகு பாடலாம் என்றால், பதிவேட்டை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். கடைசியில் அவருக்கு இரண்டு நாள் கொய்யாப்பழமும் குளிர்ந்த மோருமாகக் கொடுத்துப் பார்த்தாள். தொண்டை கட்டவில்லை, தும்மல்தான் வந்தது. அதுவும் டேப்பில் ஏறியது.

நாள் நெருங்கிவிட்டது. பேட்டரிக் கட்டையும் தீர்ந்துகொண்டு வந்தது. “டேப்புல இருக்கறத அப்படியே படிங்கடா” என்று சொல்லி, இருக்கிற பதிவையே நான்காம் வகுப்பிடம் விட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆசிரியர் துணை கூடாதே! பிள்ளைகள் ஒப்பித்துப் பழகியது சவுரியப்பனின் சத்தத்தில் அவள் காதில் விழவேயில்லை.

சென்னப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். மரியாதைக்காக அன்று சவுரியப்பன் கைகட்டி வாய் பொத்தி நின்றார். நான்காம் வகுப்பு எழுந்தது. தீர்த்தம்மாள் தொடங்க, இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

“கொத்துக் கொத்தாய்த் தக்காளி,
குண்டுக் கன்னத் தக்காளி!
ஏழேழு நாப்பத்தொம்போது!
வெயிலில் சிவக்கும் தக்காளி,
டேய் சென்றாயா, மூக்குல இருந்து வெரல எடுறா!
சந்தைக்குப் போகும் தக்காளி,
ஹா... ஹா... ஹச்ச்ச்!”

இருபது பேரும் ஒரே சமயத்தில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்கள். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பில் சென்றாயன் அவசரமாக விரலை எடுத்தான்.

“ஏம்மா,” என்றார் சென்னப்பன், “சென்றாயன்ங்கறது யாரு? தக்காளி வியாபாரியா?”

பாக்கியமேரிக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. சவுரியப்பன் முகத்திலோ பெருமை வழிந்தது. பிள்ளைகள் வாய்விட்டுச் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது.

அதிகாரி கேசட்டைப் போட்டுக் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

“உள்ளபடியேன்னு எழுதியிருக்கீங்க. அதுங்களும் உள்ளபடியே சொல்லிருச்சுங்க, அதுல குத்தமில்ல. ஆனா டேப்புல இருக்கறது பாட்டாம்மா? கலவரமில்ல நடக்குது! சரி, என் முன்னாடியே இன்னொருக்காப் பாடிப் பதிவு பண்ணுங்க. சுத்தமா வந்தா கருவி இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா இப்பவே ஜீப்புல ஏத்திருவேன்.”

அவள் பதிவுக்கான இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். கேசட் சுழன்றது. பாடுவதற்கு மூச்சை இழுத்தாள்.

மனைவிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்ததில் சவுரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னால் ஆன உதவியைச் செய்ய ஓர் அடி முன்னே வந்தார்.

“யாரும் மூச்சு வுடக் கூடாது! டீச்சர் பதிவு பண்றாங்க!”

கூரைப் புறாக்கள் பறந்தன. அதிகாரியின் பேனா கீழே விழுந்தது. மூன்றாம் வகுப்பு, பழக்கத்தால், “பண்றாங்க!” என்று ஒரே குரலில் திருப்பிச் சொன்னது.

வாசலில் ஜீப் ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பாக்கியமேரி அவனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். ‘நல்லாச் செஞ்சேனா?’ என்று கேட்கிற குழந்தை முகம். நீட்டிய நாக்கும் மூன்று வார மௌனமும் ஒரு நொடி கண்முன் வந்து நின்றன. வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். இது பள்ளிக்கூடம், இவர் சார், எதிரே அதிகாரி என்பதெல்லாம் மறந்து போயிற்று.

“ஏங்க,” என்றாள், சுழல்கிற கேசட்டுக்கு முன்னால், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்.”