பயந்தவருக்குப் பாதி ரொட்டி

ஜெபமாலை முடிவதற்குள் ஒத்திலியா காப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். பானையில் பாதிக்கு மேல் காப்பி இருந்தது. கூடத்தில் அப்பா ஹசிந்தோவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கசில்தா அத்தையின் வாயிலிருந்து தப்பிக்க வேறு சாக்கு கிடைக்கவில்லை.

"இதய அடைப்பு எடுத்தாச்சு, ரத்தம் நல்லா ஓடுதுன்னு டாக்டரே சொன்னாங்க. பேசிக்கிட்டிருந்தவன் மறுநாளே போவானா? சர்க்கரை வியாதிக்காரனுக்கு யாரோ எதையோ குடுத்திருக்காங்க!" வந்தவர் போனவரிடமெல்லாம் அத்தைக்கு இதே பேச்சு.

அந்த யாரோ ஒத்திலியாதான். அவர்கள் ஊரான புவேப்ளாவில் பூமி அதிர்ந்தாலும், பஸ் இடிக்கப் பார்த்தாலும், முதலில் ஒரு வெள்ளை ரொட்டியைப் பிய்த்து வாயில் போடச் சொல்வார்கள். பயம் வயிற்றில் தங்காதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா, "பயமா இருக்கும்மா, ஒரு ரொட்டி கொண்டா" என்றார். வெளிச் சாப்பாடு கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒத்திலியா கைப்பையில் மறைத்துக் கொண்டுபோய் ஊட்டினாள். விடிந்தபோது அப்பா இல்லை.

பின்வாசல் வழியாக செனைதா வந்தாள். அதே தெருக்காரி; அப்பாவுக்கு அடைப்பு எடுத்த டாக்டரும் அவள்தான். ஒத்திலியா கதவைச் சாத்தினாள்.

"அப்பாவுக்கு நான் ரொட்டி குடுத்தேன். அதுதான் கொன்னுச்சா? மறைக்காம சொல்லு."

"எவ்வளவு குடுத்தே?"

"பாதி."

செனைதா பெருமூச்சு விட்டாள். "இங்க பாரு ஒத்தி. ரத்தம் திரும்பி வந்ததும் இதயம் கொழுப்பைத்தான் அள்ளி அள்ளி எரிக்கும். அதுக்கு ஆக்சிஜன் ஜாஸ்தி வேணும். சர்க்கரைன்னா கம்மியா போதும். ஆனா அந்த நேரத்துல சர்க்கரையை அரைகுறையாத்தான் எரிக்கும், மிச்சம் புளிச்சுப்போய் தசையைப் படுத்தும். ரத்தம் ஓடியும் இதயம் தடுமாறுறது அதனாலதான்."

"அப்ப ரொட்டியில இருந்த சர்க்கரை..."

"அது எந்த மூலைக்கு? இதயம் சர்க்கரைக்கு மாறட்டும்னு, இன்சுலினோட சர்க்கரைத் தண்ணிய டாக்டர்களே நரம்புல ஏத்தின காலம் உண்டு. உங்கப்பா நெஞ்சுவலிய வாயுன்னு சொல்லிக்கிட்டு ராத்திரி பூரா படுத்துக் கெடந்தாரே, அப்பவே பாதித் தசை செத்துப்போச்சு. செத்த தசை எதையும் எரிக்காதுடி. உன் ரொட்டியால அவர் சாகல."

ஒத்திலியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சாவு வீட்டில் இவ்வளவு நிம்மதி ஆகுமா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மிச்சப் பாதியும் கேட்டாரு. நர்ஸ் வந்துடுவாளேன்னு பையில போட்டுட்டேன்."

"குடுத்திருக்கலாம்," என்றாள் செனைதா மெதுவாக.

ஒத்திலியா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அத்தையின் முன்னால் நின்றாள்.

"நான்தான் அத்தை ரொட்டி குடுத்தேன். பயமா இருக்குன்னாரு."

ஜெபம் நின்றுபோனது. கசில்தா அத்தை பெட்டிப் பக்கம் திரும்பினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டானா?"

"ஆசையா சாப்பிட்டாரு."

அத்தை பெஞ்சில் நகர்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.